பண்டைக் கடலின் வெப்பம் அளந்த யூரி

அமெரிக்க நாட்டு இந்தியானா மாநிலத்தில் வாக்கர்டன் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் ஹெரால்டு கிளேட்டன் யூரி பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னரே பல்கலைக்கழகம் புகுந்தார். மாண்டானாவில் அவர் முதலில் பயின்றது விலங்கியல். வேதியியலாரான பின்னும் அவர் கிளிஞ்சல்களை நாடிச் சென்றதில் வியப்பில்லை எனலாம்.

1931இன் இறுதியில், ஹைட்ரஜனிலேயே எடை மிகுந்த வகையான டியூட்டீரியத்தைக் கண்டறிந்தார். அதற்கென 1934இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையில் வேறுபடுமாயின் அவற்றை ஐசோடோப்புகள் என்பர். அவற்றைப் பிரிக்கும் கலையில் யூரிக்கு நிகரானோர் அந்நாளில் அரியர். அத்திறமே அவரை அணுகுண்டுத் திட்டத்தினுள் ஈர்த்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யுரேனிய ஐசோடோப்புகளைப் பிரிக்கும் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 1945இல் ஹிரோஷிமா எரிந்தது. போர் முடிந்து சிகாகோ சேர்ந்த யூரி, அணுப்படைக்கலத்தின் கேட்டை எழுதியும் பேசியும் வந்தார். தம் ஆய்வையும் வேறு திசையில் திருப்பினார். கற்ற கலை ஒன்றே. அதனைக் கொண்டு இம்முறை அவர் நாடியது பழங்கடலை.

ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ 500க்கு ஒன்று, 16க்கு மாறாக 18 என்னும் நிறையுடையது. கடலுயிர் ஓடு கட்டுங்கால், நீர் குளிர்ந்திருப்பின் அக்கனத்த ஆக்சிஜன் ஓட்டில் சற்றே மிகும், வெம்மையாயின் குறையும். ஓடு படிவுப் பாறையில் புதையுண்டு கல்லான பின்னும் அவ்விகிதம் கெடாதிருப்பின், பண்டைக் கடலின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். 1947இல் வெளியான கட்டுரையில் யூரி இதற்கு அடித்தளமிட்டார். சொல்லுதல் எளிது, செயல் அரிது. ஒரு பாகை வெப்பத்திற்கு நேரும் மாற்றம் ஆயிரத்தில் ஏறத்தாழ 0.2 பங்கே. அதனை அளக்கவல்ல நிறை நிறமாலைமானியைச் செப்பஞ்செய்யவே அவருடைய குழுவினர் பெரிதும் உழைக்க நேர்ந்தது.

பயன் 1951இல் வெளிப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்தது, கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்னும் உயிரின் புதைபடிவம், ஜுராசிக் காலத்தது. அதனை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆய்ந்தனர். அது கண்ட மூன்று கோடைகளும் நான்கு குளிர்காலங்களும் புலப்பட்டன. நீரின் சராசரி வெப்பம் 17.6 பாகை செல்சியஸ். பருவ வேறுபாடு ஏறத்தாழ 6 பாகை. ஏறத்தாழ நான்கு ஆண்டு வாழ்ந்து அது இளவேனிலில் மடிந்தது என்றும் உரைத்தனர். 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்றுயிர் ஒன்றின் இறப்புப் பருவம்!

அளவுகோலில் குறையும் இருந்தது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பயின்ற எமிலியானி 1955இல் ஆழ்கடல் படிவுகளைக் கொண்டு பனியுகங்களின் வெப்பத்தைக் கணித்தார். ஆயின் அவர் கண்ட மாற்றத்தில் பெரும்பகுதி, நிலத்தில் பனி பெருகிச் சுருங்கியதால் கடல்நீரின் ஆக்சிஜனே மாறியமையால் விளைந்தது என 1967இல் ஷாக்கிள்டன் காட்டினார்.

யூரி 1981 ஜனவரி 5ஆம் நாள் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் மறைந்தார். அவர் தொடங்கிய முறை பின்னர் மலைக்கும் ஏறியது. முகில் மலையேறுகையில் கனத்த ஆக்சிஜன் முந்திப் பொழிந்துவிடுவதால், மேலே பெய்யும் மழை இலேசானது. ஏரிப் படிவுகளின் சுண்ணாம்பில் அம்மழையின் தடம் தேடி, திபெத் பீடபூமி எக்காலத்தில் எவ்வளவு உயர்ந்திருந்தது என அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர்.