பிற வேதங்களை நீதியுடன் கற்ற அல்பீரூனி

உலக மதங்களையும் அவற்றின் வேத நூல்களையும் பல்கலைக் கழகங்களில் ஆராய்வோர் இன்றும் படிக்கும் ஒரு நூலை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் ஒரு முஸ்லிம். அவர்தாம் அபூரைஹான் அல்பீரூனி.

ஹிஜ்ரி 362-ல் (கி.பி. 973) குவாரிஸம் நாட்டில் பிறந்த இவர், வானவியலிலும் கணிதத்திலும் தேர்ந்தவர். 1017-ல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டை வென்றபோது கஜ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். இந்திய மக்களின் மார்க்கத்தைச் செவிவழிச் செய்தியாக அறிய அவர் மனம் ஒப்பவில்லை. நடுத்தர வயதில் சமஸ்கிருதம் பயின்றார். பண்டிதர்களிடம் மாணவராய் அமர்ந்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார்.

1030-ஐ ஒட்டி, 80 அத்தியாயங்களில் 'கிதாபுல் ஹிந்த்' உருவாயிற்று. அது கண்டன நூலன்று. பிறர் கொள்கையை அவர்களுடைய நூல்களிலிருந்தே எடுத்துரைப்பது அவர் முறை. தமக்கே பாதகமாயினும் உண்மையே பேசவேண்டும் என்னும் திருக்குர்ஆனின் கட்டளையை முன்னுரையில் நினைவூட்டினார். அதன்படியே நடந்தார்: சுல்தானின் படையெடுப்புகள் அந்நாட்டின் வளத்தைச் சிதைத்ததையும், அதனால் மக்கள் உள்ளத்தில் முஸ்லிம்கள்பால் வெறுப்பு வேரூன்றியதையும் மறைக்காது எழுதினார்.

பிற வேதங்களைக் கற்றால் ஈமான் தளருமோ என்று நம்மில் சிலர் அஞ்சுகின்றனர். அல்பீரூனி கற்றார், முஸ்லிமாகவே வாழ்ந்து மறைந்தார். கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளுக்கு முதலில் தீனை உறுதியாக ஊட்டுவோம். பிறகு அவர்கள் எந்த வேதத்தைப் படித்தாலும் நீதி தவறாது படிக்கட்டும்.