விரல் திரும்ப முளைக்காது... ஆனா காப்பாத்தலாம்! வேலூர் டாக்டர் பால் பிராண்ட் செஞ்சது என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னாலே தோலும் ஷூவும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே வேலூர் வட்டாரத்தில்தான், செருப்பையும் ஒரு மருந்தாகவே பார்த்தார் ஒரு சர்ஜன். பெயர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு, 1946-ல் வேலூர் சிஎம்சி-க்கு வந்தார்.

அடுத்த வருஷம் செங்கல்பட்டில் ஒரு தொழுநோயாளிக்கு கை கொடுத்தார். விரல்கள் மடங்கிப்போன கை. ஆனால் பிடித்த பிடியில் பிராண்டுக்கே வலித்தது. அப்போ, இந்தக் கையில் வேலை செய்யும் தசைகள் இன்னும் இருக்கே? அந்தக் கேள்விதான் திருப்புமுனை. முன்கையில் நல்லா இருக்கும் தசையின் தசைநாணை விரலுக்கு மாற்றிக் கட்டினார். மூடிக்கிடந்த கைகள் விரிந்தன.

ஆனா சரிசெய்த கையிலேயே திரும்பத் திரும்பப் புண். தொழுநோயில் விரல் அழுகி விழும்னு அப்போ பலரும் நம்பினாங்க. பிராண்ட் கண்டது வேறு: நரம்பு செத்ததால் வலி தெரியவில்லை. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது. தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். நம்ப கஷ்டமா இருக்கலாம், ஆனா உண்மை.

சரி, போன விரல் ஏன் முளைக்கல? சாலமண்டருக்குக் கால் போனால் எலும்பு, தசையோடு முழுசா முளைக்கும். பிராண்ட் மறைந்து 10 வருஷம் கழித்து, 2013-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் உடம்பிலிருந்து மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்களை நீக்கிப் பார்த்தாங்க. புண் ஆறியது, தழும்பு வந்தது, கால் வரல. நரம்பைத் துண்டித்தாலும் கால் வளராது. நமக்கும் மேக்ரோஃபேஜ் உண்டு. அது புண்ணை ஆற்ற உதவும், விரலை வளர்க்காது. கொடுமை என்னன்னா, தொழுநோய்க் கிருமி குடியிருப்பதே இந்த செல்லுக்குள்ளும், நரம்பைச் சுற்றியிருக்கும் செல்லுக்குள்ளும்தான்.

ஆக, இருப்பதைக் காப்பாற்றுவதே வழி. காலுக்கு, அழுத்தத்தைப் பரப்பும் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு வந்தது. 1966-ல் பிராண்ட் அமெரிக்கா போனார், 2003-ல் காலமானார். அதே எம்சிஆர் செருப்பைத்தான், கால் மரத்துப்போன சுகர் நோயாளிகளுக்கும் இன்னைக்கு டாக்டர்கள் போடச் சொல்றாங்க.