சீகன்பால்கு ஐயர்

சோழ வளநாட்டுக் கடற்கரையில் அமைந்த ஊர் தரங்கம்பாடி. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் காலத்தில், 1620-ஆம் ஆண்டில், டென்மார்க்கு நாட்டு வணிகர் அங்கே கோட்டை கட்டும் உரிமை பெற்றனர். அவ்வூரில் 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செருமானிய இளைஞர் இருவர் கப்பலினின்றும் இறங்கினர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளுச்சோ. கிறித்தவ சமயத்தைத் தமிழ் மக்களுக்கு எடுத்துரைக்குமாறு டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அவர்களை அனுப்பியிருந்தார்.

எடுத்துரைப்பது எம்மொழியில்? கோட்டையிலிருந்த வணிகர்கள் போர்ச்சுக்கீசிய மொழியைக் கொண்டே கொள்வனவும் விற்பனவும் நடத்தினர். வீட்டிலும் சந்தையிலும் மக்கள் பேசியதோ தமிழ். ஆதலால் சீகன்பால்கு ஒரு தமிழாசிரியரை நாடினார். அவருடைய பள்ளி தம் இல்லத்திலேயே நடைபெற ஏற்பாடு செய்து, சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். கல்வி கற்றுத் தேர்ந்த ஒருவர் அரிச்சுவடி கற்கும் பிள்ளைகளோடு பிள்ளையாய் அமர்வது எளிதன்று. இரண்டே ஆண்டுகளில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டினார்; உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார்.

பின்னர் அவர் ஊர் ஊராக நடந்தார். மரநிழலிலும் சத்திரங்களிலும் மக்களோடு அமர்ந்து தம் சமயத்தைப் பற்றி உரையாடினார். மக்களும் வாளாவிருக்கவில்லை. முன்னோர் நெறியை நாங்கள் ஏன் விடவேண்டும் என்று வினவினர்; கிறித்தவர் எனப்படும் கோட்டை மனிதர் குடித்து மயங்குவது ஏன் என்றும் கேட்டனர். இரண்டாம் வினா அவரை வருத்தியிருக்கவேண்டும். எனினும் அவர் அதனை மறைத்தாரில்லை. வினாக்களையும் தம் விடைகளையும் எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். 1712 முதல் 1714 வரை தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் விடுத்து, அவர்கள் வரைந்த மறுமொழிகளையும் மொழிபெயர்த்தனுப்பினார். தமிழ் மக்களைக் கல்லாதவர் எனக் கருதி வந்த அவர், அவர்தம் அறிவையும் ஒழுக்கத்தையும் மதிக்கலானார். ஆயினும் தம் சமயமே மெய்யென்னும் கொள்கையினின்று அவர் சிறிதும் பிறழவில்லை.

இதற்கிடையே கோட்டைத் தலைவரோடு நேர்ந்த பிணக்கினால் ஏறத்தாழ நான்கு திங்கள் சிறையில் கிடந்தார். விடுதலை பெற்றபின் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார். செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியனவாய் இருந்தமையால் தாள் போதாதாயிற்று. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதிய பெருநூலுக்கோ அப்பேறு வாய்க்கவில்லை. சமயம் பரப்பச் சென்றவர் பிற சமயத்தாரின் தெய்வங்களைப் பற்றி எழுதுவதை ஆலே நகரத்துப் பெரியோர் விரும்பவில்லை. அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. ஆசிரியரோ 1719 பிப்ரவரி 23-ஆம் நாளே, தம் முப்பத்தாறாம் வயதில், தரங்கம்பாடியில் மறைந்துவிட்டார். முந்திய ஆண்டில் தாம் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.