இரு பாதிகளும் விலக்கிய கவிஞர்

1908ஆம் ஆண்டு சியோல் நகரில் பிறந்தவர் கவிஞர் இம் ஹ்வா. இம் இன் சிக் என்பது இவரது இயற்பெயர். இவர் சிறு குழந்தையாய் இருந்தபோதே, 1910இல், கொரியாவை ஜப்பான் தன் பேரரசுடன் இணைத்துக்கொண்டது. பள்ளிப் படிப்பை இடையிலே விட்ட இவ்விளைஞர் கவிதை எழுதினார், திரைப்படத்திலும் நடித்தார். 1925இல் தோன்றிய கொரியப் பாட்டாளி வர்க்கக் கலைஞர் கூட்டமைப்பே இவரது வாழ்வின் திசையை முடிவு செய்தது எனலாம்.

அக்காலச் சமதர்மக் கவிதைகளுள் பல வெறும் முழக்கங்களாய் நின்றன. இம் ஹ்வா 1929இல் வேறு வழி கண்டார். சிறைப்பட்ட அண்ணனுக்குத் தங்கை எழுதும் மடலாக அமைந்தது இவரது புகழ்பெற்ற கவிதை. வீட்டின் கணப்புச் சட்டி உடைந்துவிட்டது. நெருப்பெடுக்கும் இடுக்கி மட்டும் சுவரில் தொங்குகிறது. வேலை இழந்த தங்கையும் தம்பியும் கடித உறை ஒட்டிப் பிழைக்கின்றனர். ஓர் எளிய வீட்டுப் பொருளின் வழியே ஒரு வர்க்கத்தின் துயரை இக்கவிதை உணர்த்திற்று.

1932இல் கூட்டமைப்பின் பொதுச் செயலாளரானார். 1931இலும் 1934இலும் எழுத்தாளர்கள் கூட்டமாகக் கைது செய்யப்பட்டனர். அடக்குமுறை தாளாது 1935இல் கூட்டமைப்பு கலைக்கப்பட்டது. அம்முடிவுக்கு, காசநோயால் நலிந்திருந்த இம் ஹ்வாவும் இசைந்தார். இதனை அவரது வீழ்ச்சி என்போர் உளர். ஆயினும் எழுதுகோலை அவர் கீழே வைத்தாரல்லர். 1938இல் கவிதைத் தொகுதியும் 1940இல் திறனாய்வு நூலும் வெளியிட்டார். கொரியப் புத்திலக்கிய வரலாற்றையும் தொடராக எழுதினார். அவ்விலக்கியம் அயலிலிருந்து பெயர்த்து நடப்பட்டது என்ற அவரது கருத்தைப் பின்வந்த அறிஞர் சிலர் மறுத்தனர். எனினும் மறுப்போரும் அவரிடமிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

1945இல் விடுதலை வந்தது, நாடோ இரண்டாயிற்று. 1947இல் இம் ஹ்வா வடக்கே சென்றார். தாம் கனவு கண்ட ஆட்சி அங்கே அமையும் என நம்பினார். அவ்வாட்சியே 1953 ஆகஸ்டில் அவரை அமெரிக்க ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டி மரண தண்டனை விதித்தது. தெற்கிலோ, வடக்கே சென்றவர் என்பதால் அவருடைய நூல்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. 1988இல்தான் அத்தடை நீங்கியது.

ஒரு பாதி உயிரைப் பறித்தது. மறு பாதி பெயரை மறைத்தது. இரண்டையும் கடந்து நிற்பது அந்த உடைந்த கணப்புச் சட்டி. எழுத்தாளனை அரசுகள் எப்படி எடைபோடினும், இறுதித் தீர்ப்பு வாசகரிடமே உள்ளது என்பதை மாணவர்கள் இவ்வாழ்விலிருந்து உணர்தல் தகும்.