செப்புக் காசில் பிழை கண்டவர்

வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன் 1898ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பிறந்தவர். உளவியலும் மருத்துவமும் கற்றுத் தேர்ந்த அவரை உலகம் அறிந்தது மனித உடலை மூன்று வகையாகப் பிரித்தவர் என்ற முறையில். ஆயிரக்கணக்கான மாணவர்களை ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்து, ஒவ்வோர் உடலுக்கும் மூன்று இலக்கங்கள் வழங்கினார். உடற்கட்டைக் கொண்டே குணத்தைக் கணித்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. அறிவியல் அதனைக் கைவிட்டுவிட்டது. நிலைத்து நின்றது, அவர் ஓய்வுநேரத்தில் மேற்கொண்ட காசு ஆராய்ச்சியே.

பிலடெல்பியா அக்கசாலை 1793 முதல் 1814 வரை வெளியிட்ட பெரிய செப்பு செண்டுகளை அவர் எடுத்துக்கொண்டார். அந்நாளில் எஃகு அச்சில் எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகக் கையால் குத்திப் பதித்தனர். ஆகவே ஓர் அச்சு மற்றோர் அச்சைப் போன்றிராது. ஆண்டெண்ணின் இலக்கங்களுக்கு இடையே உள்ள வெளி, இலையின் நுனி எந்த எழுத்தை நோக்குகிறது, மாலையில் கனிகள் எத்தனை என்பன போன்றவையே அடையாளங்கள். அச்சு அடிபட அடிபட விரியும். அவ்விரிசல் காசின்மேல் மெல்லிய மேட்டுக்கோடாக விழும். கோடு நீண்டிருந்தால் அக்காசு பின்னால் பிறந்தது.

பிழைகளும் உண்டு. 1793இன் முதல் அச்சொன்றில், இடம் போதாதென்று அஞ்சியவர்போல், செதுக்கியவர் அமெரிக்கா என்னும் பெயரைப் பாதியில் முறித்துப் புள்ளி வைத்துவிட்டார். 1801இன் ஓர் அச்சிலோ மூன்று பிழைகள்: நூற்றில் ஒன்று என்னும் பின்னத்தின் கீழே நூறுக்குப் பதில் வெறும் மூன்று சுழிகள்; மாலையின் ஒருபுறத்தில் காம்பு இல்லை; யுனைட்டெட் என்னும் சொல்லின் முதலெழுத்து இரண்டு தனிக் கோடுகளாக நிற்கிறது. அச்சுப்படி திருத்திப் பழகியவர்கள் இதைக் கண்டு சிரிக்கலாம். கூடவே பெருமூச்சும் விடலாம்.

இவையனைத்துக்கும் எண்ணிட்டு 1949இல் நூலாக்கினார். அதிலேயே ஒரு காசின் நிலையை 1 முதல் 70 வரை அளக்கும் முறையையும் வகுத்தார். 1958இல் நூல் விரிந்து மறுபதிப்பு கண்டது.

இவ்வளவு கூரிய கண், பிறர் காசின்மேலும் விழுந்தது. ஜார்ஜ் கிளாப் என்பவர் 1946இல் நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகத்துக்குத் தம் செண்டுத் தொகுப்பை நன்கொடையாக அளித்திருந்தார். ஆராய்ச்சிக்கென அங்கே நுழைய உரிமை பெற்றிருந்த ஷெல்டன், நல்ல காசை எடுத்துக்கொண்டு, அதே அச்சில் பிறந்த தம்முடைய தரங்குறைந்த காசை அவ்விடத்தில் வைத்தார். வகை மாறாததால் பெட்டியில் குறை தோன்றவில்லை. அச்சின் வேறுபாட்டை உலகுக்குக் கற்பித்தவரே, அச்சின் ஒற்றுமையைத் திரையாகக் கொண்டார்.

1977இல் அவர் மறைந்தார். பழைய புகைப்படங்களோடு ஒவ்வொரு காசின் கீறலையும் தழும்பையும் ஒப்பிட்டபோது, நூற்றுக்கும் மேற்பட்ட காசுகள் மாற்றப்பட்டிருந்தது துலங்கிற்று. வாங்கியவரோடு நேர்ந்த வழக்கு 1990களில் கலிபோர்னியா நீதிமன்றங்களில் நடந்து, கழகத்தின் பக்கம் முடிந்தது.

எழுபது வரையிலான அளவுகோல் இன்று எல்லா வகைக் காசுகளுக்கும் பரவியிருக்கிறது. செண்டு சேர்ப்போர் ஷெல்டன் எண் கொண்டே அச்சு வகையைக் குறிக்கின்றனர். மீட்கப்பட்ட காசுகளையும் அந்த எண்களாலேயே அழைக்கின்றனர்.