முரசு கொட்டி வடக்கை வென்ற வாசன்!



இந்திப் படம் என்றாலே பம்பாய்தான் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 1948-லேயே வடநாட்டு ஜனங்களை வாய்பிளக்க வைத்த ஒரு இந்திப் படம் நம்ம சென்னையில்தான் உருவாச்சு. அதுதான் 'சந்திரலேகா'. அதைத் தந்த எஸ்.எஸ்.வாசன் அவர்களைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர் வாசன். சின்ன வயசிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார்தான் சென்னைக்குக் கூட்டி வந்து ஆளாக்கினார். விளம்பரத் தொழிலில் காலூன்றி, 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். 1941-ல் தீப்பிடித்து ஏலத்துக்கு வந்த ஒரு ஸ்டுடியோவை வாங்கி ஜெமினி என்று பெயர் வைத்தார். எரிஞ்ச இடத்தை யாராவது வாங்குவாங்களா? வாசன் வாங்கினார்!

சந்திரலேகாவுக்கு 1943-ல் வேலை தொடங்கியது. ஐந்து வருஷம் இழுத்தது. நடுவில் டைரக்டர் விலகிப் போக, வாசனே டைரக்டர் ஆனார். சொத்துக்களை அடமானம் வைத்தார். செலவு சுமார் 30 லட்சம்! 1948 ஏப்ரலில் தமிழ்ப் படம் வெளியாகி நன்றாகவே ஓடியும், போட்ட பணம் திரும்பவில்லை. வேறு ஒருவராக இருந்தால் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசனோ சில நடிகர்களை மாற்றி, சில காட்சிகளைத் திரும்ப எடுத்து, அதே டிசம்பரில் இந்தியில் இறக்கினார். பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம்! இரண்டு மொழிக்கும் சேர்த்து அறுநூறுக்கும் மேற்பட்ட பிரிண்டுகள்! தென்னாட்டுப் படங்களுக்கு வடக்கே கதவு திறந்தது அப்போதுதான்.

இசை எஸ்.ராஜேஸ்வர ராவ். கர்நாடகம், இந்துஸ்தானி, மேல்நாட்டு இசை எல்லாவற்றையும் ஒரே படத்தில் கலந்தார். இந்தியில் பாடிய உமாதேவிதான் பின்னாளில் டுன் டுன் என்ற பெயரில் வடநாட்டையே சிரிக்க வைத்த நடிகை. எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த முரசு நடனம். ராட்சச முரசுகள் மேல் சுமார் 400 பேர் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசைக் கிழித்துக்கொண்டு வீரர்கள் வாளோடு குதிப்பார்கள். கிரேக்கத்து டிராய் குதிரைக் கதையைத் தமிழ் முரசுக்குள் வைத்த மாதிரி!

அந்த முரசு சும்மா அட்டை இல்லை நண்பர்களே. மேலே ஆடுபவரைத் தாங்கணும், உள்ளே ஆளையும் ஒளிக்கணும். அது முழுக்க டெக்னீஷியன் வேலை. கலை இயக்குநர் ஏ.கே.சேகர், ஒளிப்பதிவாளர் கமால் கோஷ் பெயர்களாவது புத்தகத்தில் நிலைத்தன. முரசுக்கு ஆணி அடித்த ஆசாரி பெயர் யாருக்குத் தெரியும்? எங்க ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுப் பெட்டியிலும் கம்பெனி பெயர் பளிச்சென்று இருக்கும். சரம் பின்னினவங்க பெயர் இருக்காது. தீபாவளிக்கு வெடிக்கிறது என்னவோ அவங்க கைவேலைதான்.

வாசன் 1969-ல் பத்மபூஷண் பெற்றார். அதே ஆண்டு காலமானார். துணிந்து முதல் போட ஒரு வாசன் வேணும். அந்தத் துணிச்சல் உடைந்து போகாமல் தாங்க, அளவு பிசகாத தொழிலாளி வேணும். நாளை நம்மில் யார் முதலாளி ஆனாலும், வேலை செய்தவர் பெயரையும் பெட்டி மேல் எழுதுவோம் தோழர்களே!