குரல் தேடிய மனிதர் ஏவி.மெய்யப்பன்



நம்மில் டோராவைப் பார்க்காதவர் யாராவது உண்டா? சுட்டி டிவி 2007-இல் தொடங்கியது. அதில்தான் டோரா தமிழ் பேசினாள். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு இந்தத் தொடர் வந்தபோது டோரா ஆங்கிலம் பேசி, நடுநடுவே ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்தாள். நமக்காக மாற்றியபோது அவள் தமிழ் பேசி, நடுநடுவே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். படம் அதேதான், குரல்தான் வேறு. ஆனாலும் அவள் நம்ம தெருப் பிள்ளை மாதிரியே ஆயிட்டா.

எங்க பக்கத்து வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அங்கே போனால் சிண்டு டிவி ஓடும். நான் தமிழில் பார்த்த ஒரு கார்ட்டூன் அங்கே கன்னடத்தில் பேசியதைப் பார்த்து, சின்ன வயசுல வாயைப் பிளந்து நின்றிருக்கேன். ஒரே பொம்மைக்கு எத்தனை வாய்! எந்தப் பொம்மைக்கு எந்தக் குரல் என்று யார் முடிவு செய்வது? நம்ம நாட்டில் இதை முதலில் செய்தது யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்தவர்தான் ஏவி.மெய்யப்பன். அவருடைய வாழ்க்கையை எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

இசைத்தட்டுக் கடை

ஏவி.மெய்யப்பன் 1907-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி காரைக்குடியில் பிறந்தார். அப்பா பெயர் ஆவிச்சி செட்டியார். ஆவிச்சி மெய்யப்பன் என்பதன் சுருக்கம்தான் ஏவி.எம். அப்பாவின் கடையில் கிராமபோன் இசைத்தட்டும் விற்றார்கள். மகனுக்கு விற்பது மட்டும் போதவில்லை. நாமே பாட்டைப் பதிவு செய்து தட்டாகப் போட்டால் என்ன என்று நினைத்தார். சென்னைக்கு வந்து கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார்.

இசைத்தட்டில் பாடுகிறவரின் முகம் தெரியாது. குரல் நன்றாக இருந்தால்தான் தட்டு விற்கும். முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்க அவர் அங்கேதான் பழகியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு சினிமாவுக்கு வந்தார். 1935-இல் கல்கத்தாவில் எடுத்த அல்லி அர்ஜுனா ஓடவில்லை. அதே வருடம் வந்த ரத்னாவளியும் ஓடவில்லை. கைப்பணம் போச்சு. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பிக் கடையைப் பார்த்திருப்பார்கள். அவர் திரும்பவில்லை.

முகம் ஒன்று, பாட்டு ஒன்று

அந்தக் காலத்தில் நடிக்கிறவரே பாட வேண்டும். கேமரா ஓடும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். நன்றாக நடிப்பவருக்குப் பாட்டு வராவிட்டால் வாய்ப்பு கிடைக்காது.

1938-இல் மெய்யப்பன் எடுத்த நந்தகுமார் படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் பாலகிருஷ்ணனாக அறிமுகமானார். அதே படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் என்பவரைத் தனியாகப் பாட வைத்தார்கள். நடிப்பது ஒருவர், பாடுவது இன்னொருவர். தமிழில் பின்னணிப் பாட்டு இந்தப் படத்தில்தான் தொடங்கியது என்று சொல்வார்கள். இன்றைக்கு நமக்கு இது சாதாரணம். அன்றைக்கு அது பெரிய அதிசயம்.

கன்னட அரிச்சந்திரன் தமிழ் பேசினான்

இப்போது வருவது நம்ம ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

1943-இல் மெய்யப்பன் கன்னடத்தில் சத்ய ஹரிச்சந்திரா படத்தைத் தயாரித்தார். ஆர்.நாகேந்திர ராவ் இயக்கினார். சுப்பய்ய நாயுடு அரிச்சந்திரனாக நடித்தார். படம் நன்றாக ஓடியது. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிலிம் சுருள் கிடைப்பது கஷ்டம். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கமே அளவு வைத்திருந்தது. இந்த நிலையில் அதே கதையைத் தமிழில் இன்னொரு தடவை எடுக்க எவ்வளவு பிலிம் செலவாகும்? அதனால் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு பேச்சை மட்டும் தமிழாக்கினார்கள். 1944-இல் அது தமிழ் அரிச்சந்திராவாக வெளிவந்தது. இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் குரல் மாற்றிய முதல் படம் இதுதான் என்று திரைப்பட வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பொய்யே பேசாத ராஜாவின் கதை அது. ஆனால் ராஜாவின் உதடு அசைந்தது கன்னடத்தில், காதில் விழுந்தது தமிழ்! இதை நினைத்து நான் தனியாகச் சிரித்தேன்.

இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று தெரிய ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று புலி என்று சொல்லுங்கள். முதலில் உதடு ஒட்டும். இப்போது கன்னடத்தில் ஹுலி என்று சொல்லுங்கள். உதடு குவியும், ஆனால் ஒட்டாது. பால் என்றால் அங்கே ஹாலு. பூ என்றால் ஹூவு. பல் என்றால் ஹல்லு. பன்றி என்றால் ஹந்தி. பழங்காலக் கன்னடத்திலும் இந்தச் சொற்கள் எல்லாம் ப-வில்தான் தொடங்கின. பிறகு அது ஹ-வாக மாறியது. நம்ம ஓசூர்கூட ஹொச ஊரு, அதாவது புதிய ஊர்.

ஆகவே திரையில் ஒருவர் ஹுலி என்று சொல்லும்போது தமிழில் புலி என்று போட்டால் உதடு பொருந்தாது. ஒட்டாத உதட்டிலிருந்து ப எப்படி வரும்? அந்த இடத்தில் வேங்கை என்று மாற்றிப் போடலாம். இப்படி ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். சொல் நீளமாகவும் கூடாது, குட்டையாகவும் கூடாது. அப்புறம் பேசுகிறவர் திரையைப் பார்த்து, மூச்சு விடும் இடம்கூடத் தப்பாமல் பேச வேண்டும். அப்போது டேப் கிடையாது. ஒலியையும் பிலிமில்தான் பதிவு செய்தார்கள். ஒரு தப்பு நேர்ந்தால் அவ்வளவு பிலிமும் வீண்.

ஸ்ரீவள்ளியின் இரண்டு பெண்கள்

1945-இல் ஸ்ரீவள்ளி வந்தது. முருகனாக டி.ஆர்.மகாலிங்கம், வள்ளியாகக் குமாரி ருக்மிணி. ருக்மிணி தானே பாடித்தான் நடித்தார். ஆனால் மெய்யப்பனுக்கு அந்தப் பாட்டுகள் திருப்தியாக இல்லை. படம் எடுத்த பிறகு பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து, ருக்மிணியின் உதட்டசைவுக்குப் பொருத்தினார். படம் பிரமாதமாக ஓடியது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு முதலில் ஆச்சரியம். கொஞ்ச நேரம் கழித்து மனசு கஷ்டமாயிட்டது. பெரியநாயகியின் குரலை ஊரே ரசித்தது, முகம் தெரியவில்லை. ருக்மிணியின் முகத்தை ஊரே ரசித்தது, குரலை எடுத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பாதிப் பாதிதான் கிடைத்தது. எனக்கு இது ஏன் உறுத்தியது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஏவி.எம். பிறந்தது

அதே 1945-இல் அவர் தன் பெயரில் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். காரைக்குடியில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ அமைத்தார். அங்கே எடுத்த நாம் இருவர் 1947 ஜனவரியில் வந்தது. அதில் குமாரி கமலா ஆடினார், டி.கே.பட்டம்மாள் பாரதியார் பாட்டைப் பாடினார். கச்சேரி மேடையில் பெயர் பெற்ற பட்டம்மாளின் குரல் ஒரு சிறு பெண்ணின் ஆட்டத்துக்கு! சுதந்திரம் கிடைக்க இன்னும் மாதங்கள் இருந்தன. ஆனால் தியேட்டரில் உட்கார்ந்த ஜனங்களுக்கு அது கிடைத்துவிட்ட மாதிரியே இருந்திருக்கும். பாரதியார் பாடல்களின் உரிமையை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த மெய்யப்பன், பின்னால் அதை அரசாங்கத்துக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார். இன்றைக்கு நாம் காலை வணக்கத்தில் பாரதியார் பாட்டைப் பாடுகிறோமே, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதற்கு அவரும் ஒரு காரணம்.

1948-இல் ஸ்டுடியோ சென்னைக் கோடம்பாக்கத்துக்கு மாறியது. அதன் பிறகு வந்த படங்களில் குரல் சம்பந்தமானதை மட்டும் சொல்கிறேன்.

பராசக்தி (1952): சிவாஜி கணேசனின் முதல் படம். கூட்டுத் தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் அவரைத்தான் போட வேண்டும் என்று உறுதியாக நின்றார். மெய்யப்பனுக்கு முதலில் சிவாஜியைப் பிடிக்கவில்லை. படம் வளர வளரத் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அந்தப் படத்தின் வசனத்தைச் சிவாஜியின் குரலில் கேட்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். குரலைத் தேடியவருக்கே ஒரு குரலை அடையாளம் காண நாளாயிற்று. தப்பாக நினைத்ததை மாற்றிக்கொண்டதுதான் பெரிய குணம்.

பேடர கண்ணப்பா (1954): கன்னட ராஜ்குமார் கதாநாயகனான முதல் படம். ஏவி.எம். துணையோடு எடுத்தது. பின்னாளில் அவ்வளவு பாட்டுப் பாடிய ராஜ்குமாருக்கு இதில் பாடியவர் நம்ம தமிழ்ப் பாடகர் சி.எஸ்.ஜெயராமன்!

அந்த நாள் (1954): பாட்டே இல்லாத படம். பாட்டுக்காக அவ்வளவு அலைந்தவர், பேச்சை மட்டும் நம்பியும் படம் எடுத்தார்.

களத்தூர் கண்ணம்மா (1960): சின்னப் பையனாகக் கமல்ஹாசன் அறிமுகமான படம். அந்தப் பையனுக்குப் பாடியவர் எம்.எஸ்.ராஜேஸ்வரி. பெரியவர் ஒருவர் குழந்தையாகப் பாடினார். கார்ட்டூனில் பையன் பொம்மைகளுக்குப் பெண்கள் குரல் கொடுக்கிறார்களே, அதே மாதிரிதான். பையனின் குரல் வளர வளர உடைந்துவிடும், பெண்ணின் குரல் அப்படி மாறாது. குழந்தையும் தெய்வமும் (1965) படத்தில் குட்டி பத்மினிக்கும் ராஜேஸ்வரிதான் பாடினார்.

மெய்யப்பன் 1979 ஆகஸ்ட் 12-ஆம் தேதி தமது 72-ஆம் வயதில் காலமானார்.

உங்களுக்குத் தெரியுமா?

* மிக்கி மவுஸுக்குப் பல வருடங்கள் குரல் கொடுத்தவர் அதை உருவாக்கிய வால்ட் டிஸ்னியேதான்.
* 1937-இல் வந்த ஸ்னோ ஒயிட் கார்ட்டூன் படத்தில் ஸ்னோ ஒயிட்டாகப் பேசிப் பாடியவர் அட்ரியானா காசலோட்டி. அவர் பெயரைப் படத்தில் போடவே இல்லை.

கடைசியாக என் மனதில் இருப்பது

போன வருடம் நம் ஆண்டு விழாவில் காட்டு விலங்குகள் நாடகம் போட்டோம் இல்லையா? புலிக்குப் பின்னால் திரை மறைவில் மைக்கில் பேசியது நான்தான். புலிக்கு எல்லாரும் கை தட்டினீர்கள். எங்கம்மா வேலையிலிருந்து நேராக வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாங்க. நான் மேடைக்கே வரலைன்னு நினைச்சு வீட்டுல வருத்தப்பட்டாங்க. எனக்கு அழுகையா வந்தது. என் பெயரை யாருமே சொல்லலையே என்று ரொம்ப நாள் மனக்குறை.

ஸ்ரீவள்ளியைப் பற்றிப் படித்த பிறகுதான் அட்டை முகமூடிக்குள் இருந்த பெண்ணை நினைத்துப் பார்த்தேன். முதல் ஒத்திகையில் அவள்தான் பேசினாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள். புலி என்பதற்கு ஒரு தடவை ஹுலி என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். மறுநாளிலிருந்து அவள் பேச மாட்டேன் என்றுவிட்டாள். அதனால்தான் அந்தக் குரல் எனக்கு வந்தது.

போன வாரம் அவளிடம் போய்க் கேட்டேன். முழு வசனமும் அவளுக்கு இன்னும் மனப்பாடம். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் சொல்லிக் காட்டினாள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஹுலியும் புலியும் ஒரே சொல்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் சிரித்திருப்பேனா? நாங்கள் சிரித்தது எங்கள் அறியாமை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கேயும் கேட்கிறேன்.

நம் பள்ளியில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு, உருது பேசுகிறவர்கள் எல்லாரும் இருக்கிறோம். வேலை தேடி வந்த பெற்றோரோடு தூரத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் தமிழும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும். அது குறை இல்லை.

தலைமையாசிரியர் அம்மாவுக்கும் ஆசிரியர்களுக்கும் இரண்டு பணிவான வேண்டுகோள். இந்த வருட நாடகத்தில் திரைக்குப் பின்னால் பேசுகிறவர்கள் பெயரையும் மேடையில் வாசிக்க வேண்டும். புலியை இந்தத் தடவை அவளே பேசட்டும். நான் திரை இழுக்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி